இரவில் பிரித்த சுவர்: வேதாரண்யம் பகுதியில் தன்னார்வலர்கள் கட்டிய ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

இது ஒரே ஒரு வீட்டைப் பற்றிய பதிவு. கஜா புயலில் கூரை வீட்டை இழந்த ஓர் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்காக, மாவட்ட அளவில் இயங்கும் ஒரு சிறிய கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு தன்னார்வலர்களின் உழைப்பைக் கொண்டு கட்டிய பன்னிரண்டு வீடுகளில் ஒன்று அது. 2019இல் நடந்த குடும்பத் தேர்விலிருந்து 2022இல் நடந்த மறுபூச்சு வரை இங்கே எழுதியிருக்கிறேன். அந்தப் பணியில் களப் பொறுப்பாளராக இருந்தவன் நான். இங்கே தவறு என்று குறித்திருக்கும் முடிவுகளில் முக்கியமானவை நான் எடுத்தவை. குடும்பம், அமைப்பு, வந்து உதவிய திருச்சபை, கிராமம் ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இதுபோன்ற பணியில் இறங்கும் திருச்சபைகளும் கல்லூரிக் குழுக்களும் இப்போது பல இருப்பதால், எங்களுக்கு நேர்ந்ததை முழுமையாக எழுதி வைப்பது அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்த படங்களை எல்லோரும் பார்த்தார்கள். அந்தத் தென்னையின் கீற்றை நம்பியே அப்பகுதியில் ஏழைகளின் வீடுகளுக்குக் கூரை இருந்தது என்பது வெளியூர்களில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. கூரை பறந்தது, மறுபடி வேய்வதற்குக் கீற்றும் இல்லை. நாங்கள் பணியாற்றிய குக்கிராமத்தில் பெரும்பாலான குடும்பங்கள் அடுத்த இரண்டு மழைக்காலங்களையும் தார்ப்பாய்க்கு அடியிலேயே கழித்தன.

வேதாரண்யம் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் பகுதி. 1930இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த மண். உப்பு விளைச்சல் ஜனவரியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீடிக்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் தொழிலாளர்கள் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே பாத்தியில் இறங்குகிறார்கள். மழை மாதங்களில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு உப்பள உரிமையாளரிடம் முன்பணம் வாங்குவதும், அடுத்த பருவத்தில் வாரக்கூலியிலிருந்து அது பிடிக்கப்படுவதும் வழக்கம். வீடு கட்டத் தோதான வறண்ட மாதங்களும் உப்பு வாரும் மாதங்களும் ஒன்றே என்ற எளிய உண்மையை எங்கள் திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு இதுவே வேர்.

எங்கள் அமைப்பின் நடைமுறைகள் நாங்களாக உருவாக்கியவை அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்கு அருகே, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாழ்ந்து உழைக்க வேண்டும் என்ற விசுவாசத்தோடு 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் முதலியோர் தொடங்கிய கொய்னோனியா பண்ணையில் 1968 வாக்கில் ஒரு வழிமுறை உருவானது. வீடு இல்லாத குடும்பமும் உதவ வந்தவர்களும் சேர்ந்து வீடு கட்டுவார்கள். லாபமும் வட்டியும் இல்லாமல் அடக்க விலையைக் குடும்பம் தவணையில் திருப்பித் தரும். அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். ஏழையிடம் வட்டி வாங்காதே என்ற யாத்திராகமக் கட்டளையே இதற்கு ஆதாரம். அந்தப் பண்ணையிலிருந்து புறப்பட்ட மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி 1976இல் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பு இந்த வழிமுறையை உலகம் முழுதும் கொண்டுசென்றது. இந்தியாவில் அது 1983இல், இன்றைய தெலங்கானாவில் உள்ள கம்மத்தில் கால் பதித்தது. 2006இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் மகாராஷ்டிரத்தின் மலவலியில் தன்னார்வலர்களோடு சேர்ந்து வீடு கட்ட வந்தது இதன் தொடர்ச்சிதான். எங்கள் அமைப்புக்கும் அதற்கும் நிர்வாகத் தொடர்பு எதுவும் இல்லை. வழிமுறையை மட்டும் படித்து எடுத்துக்கொண்டோம். வட்டியில்லாக் கடன், பயனாளியின் உழைப்பு, வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் ஆகிய மூன்றும் எங்கள் விதிப்புத்தகத்தில் அப்படியே இடம்பெற்றன.

குடும்பத் தேர்வு

இந்த ஆய்வுக்குரிய குடும்பத்தில் நான்கு பேர். உப்பளத்தில் வேலை செய்யும், அப்போது நாற்பது வயதை நெருங்கிய பெண், அவருடைய மாமியார், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ரூ.1.20 லட்சம் கிடைக்கும் என்றாலும், அதற்கான பட்டியல் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இவர்கள் தனிக்குடும்பமாகப் பிரிந்தது அதற்குப் பிறகு என்பதால் பட்டியலில் பெயர் இல்லை. ஊரில் சொல்வதுபோல, தொகுப்பு வீடு கிடைக்க வழியில்லாத குடும்பம்.

தேர்வின்போது இரண்டு திசைகளிலிருந்து அழுத்தம் வந்தது. அருகிலிருந்த சிறிய சபையைச் சேர்ந்த சிலர், கிறிஸ்தவ அமைப்பு கட்டும் வீடு முதலில் சபைக் குடும்பங்களுக்குத்தான் என்று எதிர்பார்த்தார்கள். மற்றவர்களோ, வீட்டைக் கொடுத்துவிட்டு மதம் மாறச் சொல்வார்களோ என்று பயந்தார்கள். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உப்பளத் தொழிலாளர் ஒருவர் ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்து, தேவையை மட்டுமே அளவுகோலாக வைத்துப் பட்டியல் தயாரித்தோம். ஜெபத்தில் கலந்துகொள்வது யாருக்கும் கட்டாயம் இல்லை என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னோம். பன்னிரண்டு குடும்பங்களில் ஒன்பது இந்துக் குடும்பங்கள். இந்தக் குடும்பமும் அவற்றில் ஒன்று. அந்த முடிவு சரியானது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு கூட்டத்தில் ஒருமுறை சொன்னதால் பயம் நீங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டது பிழை.

நத்தம் புறம்போக்கில் அவர்கள் குடியிருந்த மூன்று சென்ட் இடத்துக்குப் பட்டா வாங்குவதில் 2019ஆம் ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. பட்டா அந்தப் பெண்ணின் பெயரில்தான் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம், அப்படியே வந்தது.

ஒப்பந்தமும் தொடக்கமும்

வீடு 320 சதுர அடி: ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை, கழிப்பறை. செலவில் ரூ.1,20,000 மட்டும் குடும்பத்தின் வட்டியில்லாக் கடன், மாதம் ரூ.1,000 வீதம் பத்து ஆண்டுகளில் அடைக்க வேண்டும். மீதி நன்கொடை. குடும்பம் மொத்தம் 400 மணி நேரம் உழைக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் சுவர் லிண்டல் மட்டத்தை (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரத்தின் உயரத்தை) எட்டுவதற்குள் முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை நிறுத்தி வைக்கப்படும். இந்த விதியைப் படித்துக் காட்டிக் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினோம்.

2020 பொங்கலுக்குப் பிறகு அடித்தளத்துக்கு வானம் தோண்டினோம். கட்டுமானத்தில் முதல் கவலை தண்ணீர். அங்குள்ள அடிகுழாயில் வாயில் வைக்க முடியாத உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456. தாண்டினால் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். அப்பகுதியின் பழைய தொகுப்பு வீடுகளில் கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி எலும்புபோலத் தெரிவதை யாரும் பார்க்கலாம். ஆகவே கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். கடற்கரைச் சூழலுக்கு அதே விதிநூல் சொல்லும் 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) கிடைக்க, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குகளை நாங்களே வார்த்துக்கொண்டோம். போட்ட கான்கிரீட் காயாமல் நன்றாக இறுக அதற்குத் தண்ணீர் காட்ட மட்டும் சுமார் 300 மீட்டர் தள்ளியிருந்த நல்ல தண்ணீர்க் குளத்திலிருந்து குடத்தில் எடுத்து வருவது என்று முடிவானது. அந்த வேலை யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. குடும்பம் தானாகவே அதை ஏற்றுக்கொண்டது.

பிப்ரவரி முகாம்

2020 பிப்ரவரி நடுவில், பேஸ்மட்டம் (வீட்டின் தரை உயரம் வரையிலான அடிப்பகுதி) முடிந்து சுவர் தொடங்கும் நிலையில், ஒரு நகரத்துத் திருச்சபையிலிருந்து 34 பேர் மூன்று நாள் முகாமுக்கு வந்தார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய போதகரும் உடன் வந்தார். ஒன்றரை வீட்டுக்கான பொருட்செலவை அந்தச் சபை ஏற்றுக்கொண்டிருந்தது. வந்தவர்களின் ஆர்வத்தில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. வெயிலில் ஒருவரும் சோர்ந்து உட்காரவில்லை. சித்தாளுக்குச் சமமாகச் செங்கல் சுமந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் எடுத்த முடிவு, அவர்களைச் சுவர் கட்ட விடுவது. மண் சுமப்பதைவிடச் சுவர் எழுப்புவதில்தான் வந்தவர்களுக்கு மனநிறைவு. படத்திலும் அதுவே தெரியும். ஒரு மேஸ்திரியும் இரண்டு கொத்தனார்களும் 34 பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் கூடத்தின் மேற்குச் சுவரும் அதை ஒட்டிய மூலையும் 1.2 மீட்டர் உயர்ந்தன. எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் தங்குமிடத்துக்குப் போன பிறகு மேஸ்திரி, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைச் சுவரின் உச்சியில் வைத்து நூலை விட்டார். கட்டை மேலே சுவரைத் தொட்டிருந்தது. கீழே குண்டு சுவரைத் தொடாமல் தள்ளி நின்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவர் அளந்து காட்டிய இடைவெளி 22 மில்லிமீட்டர். ஒரு தளத்தின் சுவரில் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டர் வரைதான் சாய்வை ஏற்கலாம். பிறகு மூலையைக் காட்டினார். செங்கல்கள் ஒன்றையொன்று கவ்வாமல் மூன்று வரிசைகளில் செங்குத்து இணைப்புகள் ஒரே கோட்டில் விழுந்திருந்தன. ஊறாத செங்கல்லை வைத்திருந்ததால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டிருந்தது; ஒரு கல்லைக் கையால் அசைத்தபோது அப்படியே பெயர்ந்து வந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு இறுகிப்போன கலவையில் தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் பயன்படுத்தியதும் தெரியவந்தது. யாரும் சோம்பலால் செய்ததல்ல. சொல்லிக்கொடுக்க ஆள் போதாததால் நடந்தது. புயல் வரும் கடற்கரையில் காற்றை நேராக எதிர்கொள்ளும் சுவரை அப்படி விட முடியாது.

"ராத்திரியே பிரிச்சுட்டு, விடியறதுக்குள்ள அதே உயரத்துக்குக் கட்டிடுவோம் சார். அவங்களுக்குத் தெரியாது. முகாம் நடக்கிற எடத்துல எல்லாம் இப்படித்தான் பண்ணுவோம்" என்றார் மேஸ்திரி. வந்தவர்களின் மனம் புண்படக்கூடாது, சபையின் அடுத்த ஆண்டு உதவி தடைபடக்கூடாது என்ற இரண்டு எண்ணத்தில் நான் சம்மதித்தேன். அந்த இரவில் நான் எடைபோட்டவை இவ்விரண்டு மட்டுமே. வீட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை.

அன்று இரவு நடந்தது

ஒன்பதரை மணிக்கு மேல் பிரிக்கத் தொடங்கினோம். அந்தப் பெண் மூன்று மணிக்கு உப்பளத்துக்குப் போக வேண்டும் என்பதால் மனையின் பின்புறத் தார்ப்பாய்க் கொட்டகையில் பிள்ளைகளோடு உறங்கிக்கொண்டிருந்தார். செங்கல் விழும் சத்தத்தில் மாமியார் விழித்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் சுவர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் எதுவும் பேசாமல் நின்றவர், பிறகு என்னிடம் வந்து, "ராத்திரியில எதுக்கு தம்பி எங்க செவுத்த இடிக்கிறீங்க? நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டார்.

நான் சுவர் கோணல் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. சற்றுமுன்தான் எல்லோரும் கைதட்டிப் படம் எடுத்த சுவர் அது. அவருக்குத் தோன்றிய காரணங்கள் வேறு. வியாழக்கிழமை எங்கள் உதவியாளர் வந்து, பதிவேட்டில் 61 மணி நேரம்தான் இருக்கிறது, இப்படியே போனால் வேலை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை நடந்த தொடக்க ஜெபத்துக்கு மருமகள் வரவில்லை. அதிகாலை வேலைக்காக முன்னிரவிலேயே படுத்துவிட்டார். இந்த இரண்டில் ஏதோ ஒன்றுக்காக வீட்டைப் பறிக்கிறார்கள் என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டிருந்தார். பகலில் செய்யாமல் ஆள் இல்லாத நேரத்தில் செய்ததே அவருக்குச் சான்றாக இருந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அப்போது அவர் கொட்டகைக்குள் போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். உள்ளே புளியங்கொட்டைகள். பேஸ்மட்டத்தின் மேலே போட்ட கான்கிரீட் பெல்ட்டுக்கும் செங்கல் நனைக்கவும் குளத்திலிருந்து வந்த ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு கொட்டை போட்டு வைத்திருக்கிறார். மருமகள் உப்பளத்திலிருந்து திரும்பிய பிறகும், பேத்தி பள்ளி விட்டு வந்த பிறகும் சுமந்த குடங்கள் அவை. எங்கள் ஆள் பதிவேட்டோடு காலையில் வந்து மதியம் போய்விடுவதால் அவற்றில் ஒன்றுகூடக் கணக்கில் ஏறவில்லை. மறுநாள் நானும் அவரும் உட்கார்ந்து எண்ணினோம்: 412 கொட்டைகள்.

ஞாயிறு காலை எடுத்த முடிவுகள்

பிரிக்கும் வேலையை அத்துடன் நிறுத்தச் சொன்னேன். மேற்பகுதியில் நான்கு வரிசைகள் இறங்கியிருந்தன. மீதி அப்படியே நின்றது. மறைப்பதற்கு இனி வழி இல்லை என்பது ஒரு காரணம். மறைத்ததால் காயப்பட்டது யார் என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டது இன்னொரு காரணம். தன்னார்வலரின் மகிழ்ச்சியைக் காப்பதற்காக வீட்டுக்காரரைப் பயத்தில் தள்ளியிருந்தோம்.

அந்தப் பெண் உப்பளத்திலிருந்து திரும்பியதும் முதலில் அவரிடம் பேசினோம். மேஸ்திரி தூக்குக்குண்டை அவர் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு, எத்தனை வரிசை பிரிக்க வேண்டும், செங்கல் வீணாகுமா, அந்தச் செலவு தன் கடனில் ஏறுமா என்று மூன்று கேள்விகள் கேட்டார். ஏறாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தோம். பிறகு, "பிரிச்சுடுங்க" என்றார். அந்த அனுமதியை முந்தின நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஆராதனை முடிந்து வந்த தன்னார்வலர்களிடம் நடந்ததைச் சொன்னேன். சிலர் முகம் வாடியது. ஒரு மாணவி அழுதுவிட்டார். போதகர் என்னைத் தனியே அழைத்து, பிள்ளைகளை இவ்வளவு தூரம் கூட்டிவந்து அவர்கள் வேலை தேறாது என்று சொல்வது சரியா என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. தேறாத வேலையைக் கொடுத்தது நான் என்று ஒப்புக்கொண்டேன். அதற்குள் பொறியியல் மாணவர் ஒருவர், தான் வைத்த வரிசைகளைத் தானே பிரிப்பதாகச் சொல்லி இறங்கினார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். பிரித்த செங்கல்லில் ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டித் தொட்டியில் ஊறவைத்தார்கள். மேஸ்திரி ஒவ்வொரு முறையும் நான்கு பேரை மட்டும் அழைத்து, நூல் பிடிப்பதையும் மூலை கவ்வுவதையும் காட்டினார். அன்று மாலை சுவர் ஐந்து வரிசைதான் இருந்தது. ஆனால் நேராக இருந்தது.

பணி மாற்றங்கள்

அதற்கு அடுத்த வாரமே சில விதிகளைத் திருத்தினோம். தன்னார்வலர்கள் மண் நிரப்புதல், செங்கல் நனைத்தல், கவர் பிளாக் வார்த்தல், தண்ணீர் காட்டுதல், வண்ணம் பூசுதல் ஆகியவற்றைச் செய்வார்கள். சுவரும் கம்பியும் கூலிக் கொத்தனாரின் பொறுப்பு. ஒரு கொத்தனாருக்கு நான்கு தன்னார்வலருக்கு மேல் கிடையாது. கட்டிய எதையும் பிரிக்க நேர்ந்தால் வீட்டுக்காரர் முன்னிலையில், பகலில்தான் பிரிக்க வேண்டும்.

உழைப்பு நேரக் கணக்கு இதைவிடக் கடினமான விவாதமாக இருந்தது. விதியைத் தளர்த்தினால் மற்ற குடும்பங்கள் கேட்கும் என்றார் எங்கள் செயலாளர். ஆறு குடத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 412 குடத்துக்கு 68 மணி நேரம். 61ஐச் சேர்த்தால் 129. அந்தக் குடும்பம் விதியை மீறவே இல்லை, நாங்கள்தான் எண்ணத் தவறினோம் என்று காட்டிய பிறகுதான் அவர் இசைந்தார். பன்னிரண்டு வீடுகளுக்கும் மாலை நேர உழைப்பு, உறவினர் செய்யும் உதவி, வேலையாட்களுக்குச் சமைப்பது ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தோம். வேலையை நிறுத்தி வைக்கும் விதியை நீக்கினோம். அதிகாலையிலிருந்து உப்பளத்தில் உழைத்துவிட்டு வருபவரிடம் இன்னொரு 400 மணி நேரம் கேட்பதே நியாயமா என்ற கேள்வி குழுவில் எழுந்தது. என் கருத்தில் 200 போதும். அது அப்போது ஏற்கப்படவில்லை.

தவணையையும் மாற்றினோம். மாதம் ரூ.1,000 என்பது மழை மாதங்களில் அவரை மறுபடி முன்பணத்துக்கே துரத்தும். கூலி வாரக்கூலி என்பதால் வாரம் ரூ.300 வீதம் 40 வாரங்கள், மீதி 12 வாரங்கள் தவணை இல்லை என்று ஆக்கினோம். ஆண்டுத் தொகை அதே ரூ.12,000தான்.

பொதுமுடக்கம்

லிண்டல் கான்கிரீட் போட்டுச் சில நாட்களில், 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் பொதுமுடக்கம் வந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் திட்டமிட்டிருந்த இரண்டு முகாம்களும் நின்றன. தன்னார்வலரை மையமாக வைத்த திட்டத்தில் தன்னார்வலரே இல்லை என்றானது.

பணியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா என்று தொலைபேசியில் பேசினோம். கூரை இல்லாத சுவர் ஒரு மழைக்காலத்தைத் தாங்கினாலும், தார்ப்பாய்க்கு அடியில் இன்னொரு மழையைக் குடும்பத்தால் தாங்க முடியாது என்பதால் தொடர்வது என்று முடிவு செய்தோம். முகாம்களின் பேருந்து, சாப்பாடு, தங்கல் ஆகியவற்றுக்கு வைத்திருந்த பணத்தை, தளர்வுகள் வந்தபிறகு, வேலையின்றி இருந்த உள்ளூர்க் கொத்தனார்களுக்கும் சித்தாட்களுக்கும் கூலியாகக் கொடுத்தோம். அந்தக் கணக்கைப் போட்டபோது ஒரு விஷயம் தெளிவானது: பிப்ரவரி முகாமை நடத்திய செலவு, அந்தச் சுவரைக் கூலிக்குக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம். ஆகவே தன்னார்வலர் உழைப்பு செலவைக் குறைக்கிறது என்று நன்கொடையாளர்களிடம் நாங்கள் சொல்லிவந்தது உண்மை அல்ல. அவர்கள் கொண்டுவரும் நன்கொடையும், அவர்கள் வழியாக அடுத்தவர் வீட்டுக்கும் பரவும் அக்கறையும் உண்மை. அதையே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில் கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளில் பன்னிரண்டு குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சட்டி கைமாற்றினார்கள். முகாமில் பிள்ளைகள் வார்த்துவைத்த கவர் பிளாக்குகள்தான் கம்பிக்கு அடியில் இருந்தன. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதில் அந்தப் பெண்ணுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுதும் பாத்தியில் நீர் கட்டியவர் அவர். பதினான்கு நாள் நீர் வற்றவில்லை.

விளைவு

அக்டோபர் தொடக்கத்தில் பால் காய்ச்சிக் குடியேறினார்கள். நாங்கள் போயிருந்தோம். அந்தப் பெண்ணே கேட்டதால் எங்கள் அமைப்பின் மூத்தவர் ஒரு சிறு ஜெபம் செய்தார். டிசம்பரில் புரெவி புயலையொட்டி டெல்டா முழுதும் கொட்டிய மழையில் கூரை ஒழுகவில்லை. மேற்குச் சுவரில் விரிசல் இல்லை. பன்னிரண்டில் ஒன்பது வீடுகள் அந்த மழைக்கு முன் முடிந்தன. மூன்று அடுத்த ஆண்டுதான் முடிந்தன. அந்த மூன்று குடும்பங்கள் அனுபவித்ததற்கு எங்களிடம் சமாதானம் இல்லை.

தவணை 2021 பிப்ரவரியில் தொடங்கியது. விடுபட்ட வாரங்கள் உண்டு. பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி திறக்கும் நேரத்தில். அவற்றைப் பிறகு கட்டிவிட்டார். முகாம் நடத்திய திருச்சபை அடுத்த ஆண்டு உதவி செய்யவில்லை. பொதுமுடக்கம் காரணமா, அந்த ஞாயிற்றுக்கிழமை காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சுவரைப் பிரித்த அந்த மாணவர் மட்டும் 2021இலும் 2022இலும் தனியாக வந்து வேலை செய்தார்.

ஒரு குறை பின்னால் தெரிந்தது. 2021 மழைக்குப் பிறகு உள்சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு பொடிந்தது. கலவைத் தண்ணீரில் அவ்வளவு கவனம் எடுத்த நாங்கள், பேஸ்மட்டத்தை நிரப்ப மட்டும் அருகிலேயே வெட்டிய மண்ணைப் போட்டிருந்தோம். தன்னார்வலர்கள் வெட்டிச் சுமக்க வசதியாக இருந்தது என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம். உப்பள ஓரத்து மண்ணில் உப்பு இல்லாமல் இருக்காது. ஈரத்தடுப்புப் பூச்சும் சுவரின் முழு அகலத்துக்கும் படியவில்லை. எனவே ஈரம் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே ஏறியது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இன்று தொடங்கினால், நாட்காட்டியை முதலில் உப்பளத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து போடுவேன். கடைக்காலும் சுவரும் உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு பிப்ரவரியிலிருந்து நடக்கலாம். முகாம்களை நிரப்பு வேலைக்கும் வண்ணப் பூச்சுக்கும் வைத்து, வீட்டுக்காரர் ஊரில் இருக்கும் பிற்பகல்களில் நடத்தலாம். நிரப்பு மண்ணை உப்பு இல்லாத இடத்திலிருந்து விலைக்கு வாங்க வேண்டும், தன்னார்வலருக்கு ஒரு நாள் வேலை குறைந்தாலும் சரி. ஜெபம் கட்டாயம் இல்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே, ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்ல வேண்டும். வராதவர்களின் வீட்டில் மறுநாள் வேலை வழக்கம்போல நடப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பதிவேட்டை எங்கள் ஆளிடம் மட்டும் வைக்காமல் குடும்பத்திடமும் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய எழுத்தறிவுகூடத் தேவையில்லை என்பதை அந்த அம்மா காட்டிவிட்டார்.

2022 கோடையில் அந்த ஓரடிப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, இணைப்புகளைச் சுரண்டி, சுவரை நன்றாகக் காயவிட்டு, ஈரத்தடுப்புக் கலவை சேர்த்து மறுபடி பூசினோம். வேலை தொடங்கும் முன் எந்தச் சுவரிலிருந்து ஆரம்பிப்பது என்று மேஸ்திரி அந்தப் பெண்ணிடம் கேட்டார். அடுக்களைச் சுவரைக் காட்டினார். அதற்கான செலவு எதுவும் அவருடைய கடன் கணக்கில் ஏறவில்லை.